காரைக்குடியிலிருந்து உறைபனிக்கு ஒரு நாள்

செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது, மார்கழி விடியலில் முற்றத்தில் வெறுங்காலை வைத்ததும் உள்ளங்காலில் ஏறும் சில்லிப்போடு முடிந்துவிடுகிறது. நம் வீடுகள் வெயிலைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை. உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் சித்திரை வைகாசியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். அதனால், ஓர் இரவுப் பயணத் தொலைவில், தை மாதத்து விடியலில் ஒரு புல்வெளி முழுவதும் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது என்று சொன்னால் இங்கே பலரும் வியப்போடு கேட்கிறார்கள். கேட்டவர்களின் அடுத்த கேள்வி, ஒரே நாளில் கொடைக்கானல் போய் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்பதாக இருக்கிறது. முடியும். ஆனால் வழக்கமான சுற்றுலாவைப் போல விடுமுறை நாளையும் வண்டி கிடைக்கும் நேரத்தையும் வைத்துத் திட்டமிட்டால் உறைபனி கண்ணில் படாது. வானத்தையும் சூரியனையும் வைத்துத் திட்டமிட வேண்டிய பயணம் இது.

உறைபனிக்கு ஆயுள் குறைவு. பின்னிரவில்தான் அது நன்றாகப் படியத் தொடங்குகிறது. விடியலுக்குச் சற்று முன்பு, இரவின் குளிர் உச்சத்தில் இருக்கும்போது முழுமையடைகிறது. வெயில் நேராக விழுந்த இடங்களில் சிறிது நேரத்திலேயே நீராகிவிடுகிறது. தை மாதத்தில் கொடைக்கானலில் சூரியன் ஏறத்தாழ 6.40 மணிக்கு உதிக்கிறது. மரத்தின் நிழலோ மேட்டின் நிழலோ விழும் பள்ளங்களில் மட்டும் எட்டு மணி வரை கொஞ்சம் மிச்சமிருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் காரைக்குடியில் வண்டி ஏறுகிறவர் மலைமேல் சேரும்போது பத்து மணியாகிவிடும். அப்போது அவர் பார்ப்பது ஈரமான புல்லைத்தான். எனவே கணக்கைச் சூரியோதயத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஆறு மணிக்குப் புல்வெளியில் நிற்க வேண்டுமானால் ஐந்தரைக்கு ஊருக்குள் நுழைந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று மணி சுமாருக்கு வத்தலக்குண்டு தாண்டி மலையடிவாரத்தைத் தொட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் இரவு 11.30 மணிக்காவது வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மொத்தத் தொலைவு சுமார் 200 கிலோமீட்டர். இடையில் ஓர் இடத்தில் தேநீருக்கு நிறுத்தவும் இந்தக் கணக்கில் நேரம் இருக்கிறது.

நேரத்தைவிட முக்கியமானது நாள். நம் குடும்பங்களில் பயணம் என்றால் அரையாண்டு விடுமுறைதான் நினைவுக்கு வருகிறது. நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க ஊருக்கு வந்த பிள்ளைகளும் அந்த நாட்களை ஒட்டியே வீட்டில் இருக்கிறார்கள். எல்லாரும் கூடியிருக்கும்போது போய்வந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டிசம்பரின் பிற்பகுதியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம், அப்போது வடகிழக்குப் பருவமழை முழுமையாக விலகியிருக்காது என்பது. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், மலையை மேகம் மூடிக்கொள்ளும். மேகம் இருந்தால் உறைபனி விழாது. ஜனவரி நடுவில் பருவமழை விலகி, வானம் கழுவி விட்டது போலத் தெளிந்து, காற்றும் அடங்கிய பிறகுதான் உறைபனிக்கு ஏற்ற இரவுகள் வரிசையாக வருகின்றன. பொங்கல் கழிந்ததிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை உள்ள நாட்களில், அதுவும் வார நாள் ஒன்றில் போவதுதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் காட்சிக்காக அதை எடுக்கலாம் என்றே சொல்வேன்.

ஏன் தெளிந்த வானம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். பகலில் வெயிலால் சூடேறிய நிலம் இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி நிலத்துக்கே திரும்பி வந்துவிடும். மேகம் இல்லாத இரவில் வெப்பம் தடையின்றி வெளியேறி, நிலமும் அதன்மேல் உள்ள புல்லும் வேகமாகக் குளிர்கின்றன. காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும் என்பதால் காற்றும் அடங்கியிருக்க வேண்டும். இப்படிக் குளிர்ந்த புல்லின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே போகும்போது, காற்றிலுள்ள நீராவி அதன்மீது நேராகவே பனிப்படிகமாக மாறிப் படிகிறது. செய்தித்தாளில் கொடைக்கானலின் குறைந்தபட்ச வெப்பநிலை 6 டிகிரி என்று போட்டிருக்கிறார்களே, பூஜ்ஜியத்துக்குப் போகாமல் எப்படி உறையும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரைக்குமேல் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். தெளிந்த இரவில் தரையோடு ஒட்டிய புல்லின் வெப்பம் அதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். ஆகவே முன்னறிவிப்பில் ஒற்றை இலக்க வெப்பநிலையும், மேகமில்லாத வானமும், மெல்லிய காற்றும் சேர்ந்து வந்தால் நம்பிக்கையோடு கிளம்பலாம்.

குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உறைபனியைத் தேடி உயரமான முனைகளுக்குப் போகக்கூடாது. முதல்முறை வருகிறவர்கள் பலர் இருட்டோடு கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதையில் போய் நின்றுகொள்கிறார்கள். அங்கே பள்ளத்தாக்கின் காட்சி அருமையாக இருக்கும். உறைபனிக்கு அது இடமல்ல. ஏரியை ஒட்டிய தாழ்வான புல்வெளிகள், ஜிம்கானா பகுதி, பாம்பார்புரம் போன்ற இடங்களில்தான் வெண்மை முதலில் படிகிறது. மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இன்னும் நன்றாகவே விழும். ஆனால் இரவோடு இரவாக அவ்வளவு தூரம் போவது ஒரு நாள் பயணத்துக்குள் அடங்காது. நீலகிரியில், குறிப்பாகத் தலைகுந்தாவிலும் காந்தலிலும் அவலாஞ்சியிலும், கொடைக்கானலைவிடக் கடுமையான உறைபனி விழுகிறது என்பது உண்மைதான். காரைக்குடியிலிருந்து அங்கே போக இரண்டு இரவுகளாவது ஒதுக்க வேண்டும்.

வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய ஒன்று உண்டு. இது காஷ்மீரத்தில் வானத்திலிருந்து கொட்டும் பனி அல்ல. உருட்டி விளையாட முடியாது. ஏரியும் உறையாது. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய அந்த ஏரியில் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு பகலின் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. மாறாக அங்கே வேறொரு காட்சி கிடைக்கும்: நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், விடியலில் ஏரியின் மேலிருந்து வெண்புகை எழுந்து, நீர்ப்பரப்பிலேயே தவழ்ந்து, முதல் வெயில் பட்டதும் பொன்னிறமாகிக் கலைகிறது. கரையில் உறைந்த புல், நடுவில் புகையும் நீர் என்று இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். என்னைக் கேட்டால், அந்த அரைமணி நேரத்துக்காகவே ராத்திரி முழுவதும் விழித்து வரலாம்.

சாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பருவத்தில் நம் ஊர்ச் சாலை சாதாரணச் சாலை அல்ல. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டு போவது ஒரு வழி. மதுரைக்குப் போய் அங்கிருந்து வத்தலக்குண்டு சேர்வது இன்னொரு வழி. முதல் வழிதான் பழனிப் பாதயாத்திரையின் வழியும். தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து புறப்படும் நகரத்தார் காவடியும், அதோடு சேர்ந்து நடக்கும் ஆயிரக்கணக்கான அடியார்களும் சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம் என்று கடந்து போகிறார்கள். வெயிலுக்குப் பயந்து பலர் இரவிலும் அதிகாலையிலுமே நடக்கிறார்கள். நாம் வண்டியில் போகும் அதே நேரம், அதே இருட்டு. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. ஒட்டாமல் நடப்பவர்களும் உண்டு. நம் வீட்டு மனிதர்களே அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அதனால் தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் நத்தம் வழியை முற்றிலும் தவிர்த்து மதுரை வழியாகவே போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் மனம் நிம்மதியாக இருக்கும்.

வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் திரும்பினால் மலை ஏறத் தொடங்கிவிடும். இரவில் ஏறும்போது மூடுபனி கவிந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். உயர்த்தி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விடுவது மலைச்சாலை முறை என்றாலும், எல்லாரும் அதைப் பின்பற்றுவார்கள் என்று எண்ணி வளைவில் வேகம் காட்டக்கூடாது. காட்டுமாடுகள் சாலையின் நடுவிலேயே நிற்கும். ஒலிப்பான் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, அவை நகரும் வரை பொறுமையாக இருப்பதே வழி. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அதை வீட்டிலேயே இணையத்தில் பதிந்து, கைப்பேசியில் ஒரு படமும் காகிதத்தில் ஒரு படியும் வைத்துக்கொள்வது நல்லது. மலைப்பாதையில் பல இடங்களில் அலைபேசித் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

நம் ஊரில் யாரிடமும் குளிருக்கான துணி முறையாக இருப்பதில்லை. எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு அறையில் ஒரு மரப்பெட்டியில், அப்பத்தா காசி யாத்திரையின்போது வாங்கிய கம்பளிச் சால்வை பாச்சை உருண்டையோடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. குளிர் ஊருக்குப் போகிறவர்கள் அதைத்தான் முறைவைத்து எடுத்துப் போவோம். புதிதாக நிறைய வாங்க வேண்டியதில்லை. ஒரு தடித்த உடையைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்த மூன்று மெல்லிய உடைகள் நன்றாகக் காக்கும்; வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளவும் வசதி. காதை மூடும் குல்லா ஒவ்வொருவருக்கும் கட்டாயம் வேண்டும். ஆனால் பலரும் மறப்பது கால். ரப்பர் செருப்போடு உறைந்த புல்லில் நின்றால் சிறிது நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். உறைபனி உருகத் தொடங்கியதும் காலுறை நனைந்து குளிர் இரட்டிப்பாகும். மூடிய காலணியும், மாற்றிக்கொள்ள இன்னொரு சோடிக் காலுறையும் தனிப்பையில் எடுத்து வைக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, கட்டுச்சோறாகப் புளியோதரை, கொறிக்கத் தேன்குழலும் சீடையும், பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி. எல்லாவற்றையும் எவர்சில்வர் தூக்கிலும் வாழையிலையிலும் எடுத்துப் போக வேண்டும். கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, வழியில் சோதிப்பார்கள். மலை ஏறும்போது வாந்தி வருகிறவர்கள் வத்தலக்குண்டுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது நல்லது. இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை ஏற்பாடும் எந்தக் காட்சிக்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருட்டில் பார்க்கும்போது புல்வெளி வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கிழக்கே வெளிச்சம் பரவப் பரவச் சாம்பல் வெளுத்து வெள்ளையாகும். நின்று பார்ப்பதோடு விடாமல் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு புல்லைப் பார்க்க வேண்டும். ஊறுகாய் ஜாடியின் வாயில் உப்புப் பூத்திருப்பதைப் போல, புல்லின் இரு ஓரங்களிலும் மட்டும் படிகங்கள் வரிசையாக நிற்கும். நடுப்பகுதி ஏறக்குறைய பச்சையாகவே இருக்கும். தரையோடு படர்ந்த மூவிலைச் செடியில் ஒவ்வோர் இலைக்கும் வெள்ளை விளிம்பு கட்டியிருக்கும். நிறுத்தி வைத்த வண்டிகளின் கண்ணாடியில் இறகு இறகாகக் கோடுகள் ஓடியிருக்கும். என் அக்காள் மகன் ஓர் இலையைச் சுட்டுவிரலால் தொட்டான். தொட்ட இடத்தில் அவன் விரல்நுனி அளவுக்குப் பச்சை வட்டம் ஒன்று தெரிந்தது, சுற்றிலும் வெள்ளை அப்படியே இருந்தது. பிறகு அவன் வேறெந்த இலையையும் தொடவில்லை. வெயில் வந்ததும் வெண்மை மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பின்வாங்கும். நிழலின் கோடு நகர்வதும் வெள்ளை மறைவதும் ஒன்றாக நடப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

நாம் ரசிக்கும் இந்த வெண்மை மலை விவசாயிக்கு நட்டம் என்பதை அங்கே போகிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, திசுக்கள் சிதைந்து, வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குச் செடியும் பீன்ஸும் கருகிக் கறுத்துவிடுகின்றன. நீலகிரியில் தேயிலையும் அப்படித்தான். விடியலுக்கு முன்பே எழுந்து தெளிப்பான் வைத்துப் பயிருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை இரவில் மூடி வைக்கிறார்கள். ஆகவே வெள்ளையாகத் தெரிகிறது என்று யாருடைய தோட்டத்துக்குள்ளும் இறங்கிப் படம் எடுக்கக்கூடாது. பொதுப் புல்வெளியிலும்கூட, உறைந்த புல் மிதிபட்டால் முறிந்து அந்தத் தடம் பழுத்துப்போகும். ஓரமாக நின்று பார்ப்பதே முறை. சோலைக்காடுகளுக்கு இடையே புல்வெளிகள் மரமின்றித் திறந்தே கிடப்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று தாவர ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளை அது கருக்கிவிடுகிறது. பயிருக்குக் கேடான அதே குளிர் அந்த மலையின் உருவத்தையும் காத்து வந்திருக்கிறது.

எட்டரை மணிக்கு உறைபனியின் வேலை முடிந்துவிடும். மீதிப் பகலை எப்படிச் செலவிடுவது என்பது ஓட்டுநரைப் பொறுத்தது; இதில் சமரசம் கூடாது. இரவு முழுவதும் ஓட்டியவரை அப்படியே பகலிலும் ஓட்டச் சொல்லி, மாலையில் மலையிறங்கவும் சொல்வது அவருக்கும் நமக்கும் ஆபத்து. இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் பூம்பாறையின் அடுக்கு வயல்களைப் பார்த்துக்கொண்டு, கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மன்னவனூருக்குப் போய் வரலாம். அங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் 1965-லிருந்து இயங்குகிறது. கம்பளிக்காக வளர்க்கும் செம்மறிகள் அகன்ற புல்வெளியில் மேய்வதைப் பார்க்கும்போது, நம் தோளில் கிடக்கும் சால்வையின் மதிப்பு கூடும். பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்கிக்கொள்ளலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது அது. ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் மன்னவனூரை மறந்துவிட வேண்டும். அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்து மதியம் வரை நிம்மதியாகத் தூங்கவிட்டு, நாம் ஏரியைச் சுற்றி நடக்கலாம். சுற்று ஏறத்தாழ 5 கிலோமீட்டர், குளிர் வெயிலில் அந்த நடை சுகமானது. 1908-ல் அமைத்த பிரையண்ட் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது.

யாரை அழைத்துப் போகக்கூடாது என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இளைப்பு உள்ளவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும், 2,100 மீட்டர் உயரத்தில் விடியற்காலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது; மருத்துவரைக் கேட்காமல் அழைத்துப் போகக்கூடாது. "பச்சைப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ராத்திரியில மலையேறணுமா, அப்படி என்னத்தா பார்க்கப் போறீக?" என்று எங்கள் அயித்தை கேட்டது சரியான கேள்வி. கைக்குழந்தையும் அதன் தாயும் வீட்டில் இருப்பதே நல்லது. அவர்களுக்கும் இந்தப் பருவத்தில் பார்க்க ஒன்று அருகிலேயே இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் குளிர்காலம் முழுவதும் பறவைகள் வந்து தங்குகின்றன. அவை கலைந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

கொடைக்கானலிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால் மலைப்பாதை முழுவதையும் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடலாம். வழியில் டம் டம் பாறை முனையில் நிறுத்தினால், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எதிர்மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து எலிவால் அருவி விழுவது தெரியும். ஒன்பது மணிக்குள் காரைக்குடி வந்து சேர்ந்துவிடலாம்.

கடைசியாக, கிளம்பும் நாளின் பிற்பகலில் கொடைக்கானலில் உள்ள யாரையாவது, தங்கும் விடுதியில் இருப்பவரையோ கடைக்காரரையோ, தொலைபேசியில் அழைத்து அன்று காலை உறைபனி விழுந்ததா, இப்போது வானம் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு முறை விழத் தொடங்கினால் வானம் தெளிவாக இருக்கும் வரை அடுத்தடுத்த நாட்களிலும் விழும் வாய்ப்பு அதிகம். மேகம் கூடியிருக்கிறது என்று சொன்னால், இட்லிக்கு மாவு அரைத்தாகிவிட்டது, வண்டிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்றெல்லாம் பார்க்காமல் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். வண்டிக்காரரிடம் பேசும்போதே, வானம் சரியில்லையென்றால் அதே முன்பணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்வது என்று பேசி வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் மனவருத்தம் இராது. பிப்ரவரி முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது.